மஞ்சுக்குள் போன பந்து

இன்னாசி வேலை பார்க்கும் சிவகாசி அச்சகத்துக்கு
வெளிநாட்டுக் காலண்டர் ஆர்டர் ஒன்று வந்தது.
ஜூலை மாதத்துக்கு அந்த ஸ்டேடியம்.
நாற்பதாயிரம் தலை, கத்தரித்து வைத்த பச்சை,
நீலம் ஒரு நூல் விலகிப்போனதில்
ஒவ்வொரு ஆட்டக்காரன் பக்கத்திலும் அவனுடைய ஆவி.
கழிவுத்தாள்தான். சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.
அன்றிலிருந்து விடிகாலை நாலரைக்கு
அவன் போனில் பேஸ்பால்.

விசா நேர்காணல் மூன்று நிமிடம்.
எதற்குப் போகிறீர்கள்?
ஒரு மேட்ச் பார்க்க.
அந்த அம்மா சிரித்தாளாம், நல்ல சிரிப்புதானாம்,
அப்புறம் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தாளாம்.

ஜபருல்லாதான் கண்டுபிடித்தான்:
கொடைக்கானலில் கல்லூரிகளுக்கிடையே பேஸ்பால்,
ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம், டிக்கெட் கிடையாது.
'நம்ம அமெரிக்கா வத்தலக்குண்டு தாண்டி இருக்குடா.'

வைரவனின் மாமா ஆம்னியைக் கொடுத்தார்.
ரிவர்ஸ் விழாது என்பதையும் சொல்லிக் கொடுத்தார்.
வாடிப்பட்டியில் சால்னாவுக்காக ஒரு சண்டை.
மலை ஏறியதும் காது அடைத்துக்கொள்ள
இன்னாசி கத்திக் கத்தி விதி சொன்னான்.
'எல்பிடபிள்யூ?'
'கிடையாது.'
'ரன் அவுட்?'
'ஒரு மாதிரி உண்டு. கடைசி பேஸுக்குப் பேரு வீடு.
வீடு வந்து சேர்ந்தா ஒரு ரன்.'
பெருமாள்மலையில் வாந்தி எடுத்தது
வண்டி ஓட்டிய வைரவன்.

ஒரு பக்கம் யூகலிப்டஸ், ஒரு பக்கம் சரிவு,
வீடு என்பது சுண்ணாம்பில் போட்ட ஐந்து கோடு,
மற்ற மூன்று பேஸும் மணல் அடைத்த உரச்சாக்கு.
படகு வரிசை நீளம் என்று ஒதுங்கிய புதுத் தம்பதி,
மாற்று ஆட்டக்காரர்கள், ஒரு சுண்டல்காரர்,
எல்லைக்கு வெளியே மேயும் காட்டுமாடு.
இன்னாசி எண்ணினான்.
மாட்டையும் சேர்த்து இருபத்தேழு.

ஐந்தாவது இன்னிங்ஸில் மஞ்சு ஏறியது.
முதலில் மரங்கள் போயின.
பிறகு லெப்ட் பீல்டர், சென்டர் பீல்டர்.
கூப்பிட்டால் பதில் வரும் தூரத்தில்
உடம்பில்லாமல் நின்றார்கள்.
மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட்.
'இந்த ஒருத்தனோட முடிச்சுக்கலாம்' என்றார் அம்பயர்,
ஊட்டிக் குல்லா போட்ட பி.டி. மாஸ்டர்.

தேனிப் பையன் அடித்தான்.
அலுமினிய மட்டை:
எவர்சில்வர் குடம் படியில் விழுந்த மாதிரி ஒரு ணங்.
பந்து மேலே போனது.
மேலே என்பது எங்கள் யூகம்.
இருபத்தாறு தலை அண்ணாந்தது, மாடு மேய்ந்தது.
ஈரப்புல்லில் யாரோ ஓடும் சத்தம்.
தொப்.

கொஞ்ச நேரம் கழித்து வெள்ளையிலிருந்து வந்தான்
எட்டாம் நம்பர், கையுறையில் பந்து.
'பிடிச்சியா, பொறுக்குனியா?'
'தெரியல சார். கைய நீட்டுனேன். இருந்துச்சு.'
அதற்குள் மூன்று பேர் வீடு வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அம்பயர் எங்கள் பக்கம் திரும்பி,
'பார்த்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?'

இன்னாசி எழுந்தான்.
ஜபருல்லா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.
'பிடிச்சான் சார்.'

கட்டைவிரல் உயர்ந்தது. ஆட்டம் முடிந்தது.

ஆம்னியைச் சுவரை முட்டி நிறுத்தியிருந்தோம்.
அது திரும்பும்போதுதான் ஞாபகம் வந்தது.
தோற்ற தேனிப் பையன்கள் ஒன்பது பேரும்
எங்களைச் சுற்றி நின்றார்கள்.
வைரவன் ரிவர்ஸ் கதையைச் சொன்னான்.
யாரும் சிரிக்கவில்லை.
ஒருவன் மட்டையைக் கீழே வைத்துவிட்டு
பம்பரில் கை கொடுத்தான், பிறகு எல்லாரும்.
பின்பக்கமாக இழுத்து வண்டியைச் சாலையில் விட்டார்கள்.

அடித்தவன் ஜன்னலில் குனிந்தான்.
'அண்ணே, நிசமா பார்த்தீங்களா?'

இன்னாசி கண்ணாடியை முழுசாக இறக்கினான்.
மஞ்சு உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்தது.

'கேட்டேன் தம்பி' என்றான்.
'தரையில விழுந்தா
வேற சத்தம்.'