மூணு இஞ்சு

கொக்கிரகுளத்தில், ஆற்றைப் பார்த்த பெஞ்சில்
பதினோரு தடவை உட்கார்ந்து எழுந்தபின்
லைசென்ஸ் வந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
"உயிருக்கு ஆபது" என்று அடித்திருந்தான்.
திருத்தக் கேட்கவில்லை.
இன்னொரு தடவை அந்த பெஞ்சுக்கு வர
இடுப்பில் தெம்பில்லை.

பாளையங்கோட்டையில் இருதயராஜ் கடை.
கண்ணாடிக்குக் கீழே பச்சை வெல்வெட்டில்
மூன்று கிடந்தன.
உடம்பெல்லாம் ஒன்றுதான்,
மூக்கு மட்டும் வேறு வேறு.

"ரெண்டு இஞ்சு கைப்பைக்குள்ள அடங்கிரும் மேடம்.
ஆனா துள்ளும். வாய்ல நெருப்பு பெரிசா வரும்.
ராத்திரின்னா உங்க கண்ணுதான் முதல்ல கூசும்.
நாலு இஞ்சு சொன்ன பேச்சு கேக்கும்.
முன்குறி தள்ளி இருக்கப் போயி
கையோட பிசகு கண்ணுக்குத் தெரிஞ்சிரும்.
என்ன, வெளிய எடுக்க ஒரு நொடி கூட ஆகும்."

பிறகு கேட்டார்,
சேலைக்கு என்ன கரை என்பதுபோல:
"எவ்வளவு தூரத்துல மேடம்?"

அளவு எனக்குத் தெரியாததல்ல.
பணகுடி நாற்கரச் சாலையில்
ஒன்பது வருஷமாக பங்க் நடத்துகிறேன்.
விடியுமுன் டேங்குக்குள் கம்பி இறக்கி
டீசல் நனைத்த இடத்தை நகத்தால் பிடித்து
லிட்டர் சொல்லுவேன்.
கம்பெனி ஆள் கணக்குப் போட்டு முடிக்கையில்
நான் டீ குடித்திருப்பேன்.

கேஷ் ரூம் கதவிலிருந்து மேசைக்கு ஏழடி.
ஸ்கூட்டர் நிற்கும் இடத்திலிருந்து வீட்டு கேட் இருபது.

இருதயராஜிடம் ஏழு என்றேன்.

சொல்லாதது:
சுயம்பு, வீட்டுக்காரரின் தம்பி,
காற்றாலைக்கு நான் குத்தகை விட்ட
ஒன்றேகால் ஏக்கரில் பாதி தன்னது என்பவன்,
போன ஆனியில் ஒருநாள் வந்தான்.
"மைனி, இன்னும் ரெண்டு கரண்டி ரசம்" என்று
கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.
கை கழுவி, துண்டு கேட்டுத் துடைத்து,
"ராத்திரி தனியாவா வண்டில வாறீக?" என்றான்.
எங்களுக்கு நடுவே
ஒரு தட்டு, ஒரு செம்பு.
அந்தத் தூரத்துக்கு எந்தக் குழலும் நீளம்தான்.

நாற்காலி ஒன்று கேட்டேன்.
நாலு இஞ்சை இடுப்பில் வைத்து உட்கார்ந்தேன்.
தொடைச் சந்தில் குத்தியது.
ரெண்டு இஞ்சைக் கையில் வாங்கினேன்.
சுண்டுவிரலுக்கு இடமில்லை,
அந்தரத்தில் நின்றது.
கடைப் பையன் சிரிக்காமல் இருக்கப்
பில் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

மூணு எடுத்தேன்.
ஒளிக்கவும் முழுசா ஆகாது,
குறிவைக்கவும் முழுசா ஆகாது.
"நடுவுல உள்ளதுதான் மேடம் நிறைய போகுது"
என்றார் இருதயராஜ்.
எது எடுத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

கேஷ் பைக்கு அடியில்
முப்பத்தெட்டு ராத்திரி என்னோடு வந்தது.
ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போதெல்லாம்
ஸ்கூட்டர் சீட்டில் ஒரு தட்டு தட்டும்.
கற்றுக்கொடுத்தவர்கள் சொன்னபடி
மூச்சைப் பாதியில் நிறுத்திப் பார்ப்பேன்.
மேற்கே காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
எல்லாம் சேர்ந்தாற்போல் அணையும்,
சேர்ந்தாற்போல் எரியும்.

முப்பத்தொன்பதாம் நாள் தேர்தல் அறிவித்தார்கள்.
லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லாம்
ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.

ஏட்டையா மர ஸ்கேல் எடுத்தார்.
லைசென்ஸில் எழுதியிருக்கே என்றேன்.
"எழுதுனதுதான், இருந்தாலும்" என்று
குழல்மேல் வைத்து அளந்தார்.
பிள்ளைக்குப் பென்சில் அளக்கிற கவனம்.
மூன்று என்று எழுதி
ரசீது கிழித்துக் கொடுத்தார்.
குழலைவிட ரசீது நீளம்.

கையெழுத்துக்குப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார்.
என் பேருக்கு மேல் வரி,
முந்தின நாள் தேதி:
சுயம்புலிங்கம், பணகுடி.
முப்பத்திரண்டு. குழல் நாலு இஞ்சு.
வாங்கின இடம் பாளையங்கோட்டை.

மின்விசிறிக்குத் தாள் படபடத்தது.
ஏட்டையா ஸ்கேலை அதன்மேல் வைத்து அமர்த்தினார்.

அவனிடமும் கேட்டிருப்பார் இருதயராஜ்,
எவ்வளவு தூரத்துல என்று.
இருபது என்று சொல்லியிருப்பானோ?

"எந்தா, பேனா" என்றார் ஏட்டையா.
போட்டேன்,
அவன் கையெழுத்துக்கு நேர் கீழே,
அரை இஞ்சு தள்ளி.