தட்டில் வந்த இழை

பிள்ளையார் நோன்பு.
அப்பச்சிக்குப் பிறகு
இழை எடுத்துக் கொடுப்பது நான்.
காலையிலேயே தொண்டையில் ஒரு முள்.

பள்ளத்தூர் முழுக்க இருமுகிறது மார்கழி.
பால்காரர், கண்டக்டர்,
பிள்ளைகள் வகுப்பில் பாதி பெஞ்சு.

"சுக்குத்தண்ணி குடிச்சாச் சரியாப்போகும், வாங்கண்ணே"
என்கிறான் சேவுகன்.
அவன் மடியில்
தலை நிற்காத குழந்தை.

மாவுக்குள் திரி, திரியில் சுடர்.
என் விரல் பிசைந்ததை
இருபத்தெட்டுக் கைகளில் வைக்கவேண்டும்.
கை உடனே வாய்க்குப் போகும்.

மாட்டேன் என்றேன்.
மாஸ்க்குக்குள் சொன்னதால்
இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.

வளவின் மறுகரைத் தூணருகே எனக்கு இடம்.
உமையாள் தட்டில் வைத்துத்
தரையோடு தள்ளிவிட்டாள்,
சீட்டாட்டத்தில் காசு தள்ளுவதுபோல.

சுடர் படுத்தது, எழுந்தது,
வந்து சேர்ந்தது.
திரும்பி நின்று மாஸ்க்கை இறக்கினேன்.

சரியாக
அந்த முள்ளின்மேல் போனது நெருப்பு.