வேன் வாடகை உட்பட

பதினொரு பேர், ஒரு கைக்குழந்தை, ஒரு சக்கர நாற்காலி.
மஞ்சக்குப்பத்தில் வேன் ஏறும்போதே
நோட்டை என் கையில் திணித்துவிட்டான் அண்ணன்.
மூன்று வீட்டுக்கும் சமமாகப் பிரிக்கணும்.
அப்பாவின் செலவு யாருடையது என்பதை
ஊர் திரும்பிப் பேசிக்கொள்ளலாம்.
பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேதான்
அவனும் அக்காவும் நாலு வருஷம்
பேசாமல் இருந்தார்கள்.

பண்ருட்டி தாண்டியதும் வாந்தி எடுத்தது
கைக்குழந்தை இல்லை,
அதன் தாத்தாவாகிவிட்ட அண்ணன்தான்.
முந்திரித் தோப்போரம் வேனை நிறுத்தினார் அலாவுதீன்.
அக்கா எலுமிச்சம்பழத்தைக் கீறி
குழந்தையிடம் சொன்னாள்:
"உங்க தாத்தாவ முன்சீட்டுல உக்காரச் சொல்லு."
குழந்தைக்குப் பத்து மாசம்.
அது கொட்டாவி விட்டது.

நெய்வேலியில் சுரங்கம் பார்க்கும் மேடை வரை
அப்பாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனோம்.
கீழே தீப்பெட்டி அளவில் லாரிகள்.
செம்மண், வெள்ளை மண், பழுப்பு,
அதற்கும் அடியில் கரி.
"நீங்க பொறந்த வீடு எங்க இருந்துச்சு?"
செல்போனைத் தயாராகப் பிடித்தபடி கேட்டான் ரித்விக்.
அப்பா கீழே காட்டவில்லை.
நேரே, எங்கள் கண் மட்டத்தில்,
வெறும் காற்றில் விரல் நீட்டினார்.
அங்கே ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது.
"அதுக்குக் கொஞ்சம் இடது பக்கம்.
அடுப்படி."
பையன் பருந்தைப் படம் எடுத்தான்.
அப்பா டீ கேட்டார், சர்க்கரை தூக்கலாக.

டீ பதினொன்று, நூற்று முப்பத்திரண்டு ரூபாய்.

பிச்சாவரத்தில் எடை பார்த்து ஆள் பிரித்த படகுக்காரர்
பகை பார்த்துப் பிரிக்கவில்லை.
அண்ணனுக்கு எதிர்ப்பலகையில் அக்கா.
தில்லை மரக் கிளைகள் தாழ்ந்த கால்வாயில்
"குனிங்க" என்றார், குனிந்தோம்.
வேர்கள் தண்ணீரில் முட்டி போட்டு நின்றன.
நிமிர்ந்தபோது அண்ணனின் வழுக்கையில் ஒரு இலை.
அக்கா அதை எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
துடுப்புக்கு மட்டும் சத்தம் இருந்தது.

இரண்டாம் நாள் தேவனாம்பட்டினம்.
கோட்டை என்றார்கள், சுவர் இருந்தது.
சுவரில் ஒரு மாடு விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
பிள்ளைகள் கடலுக்கு ஓடினார்கள்.

அங்கிருந்து அரிக்கமேடு.
ரோமாபுரிக் கப்பல் என்று நான் அளந்துவிட்டதில்
மாளிகையாவது இருக்கும் என்று நம்பியிருந்தான் ரித்விக்.
மாமரங்கள். ஆறு. இரண்டு செங்கல் தூண்கள்,
அதுவும் பிற்காலத்துப் பாதிரிமார் கட்டிய வீட்டினுடையது.
"அவ்வளவுதானா?"
காவலாளி கோபப்படவில்லை.
"எல்லாம் கீழ இருக்கு தம்பி.
தோண்டினாங்க, பார்த்தாங்க, எழுதிக்கிட்டாங்க,
திரும்ப மண்ணைப் போட்டு மூடிட்டாங்க."

அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார்.
"மூடிட்டாங்களா?"
"ஆமாங்க."
"முழுசாவா?"
"மரமே வளந்துடுச்சே, பாருங்க."
அப்பா மரத்தைப் பார்த்தார்.
பிறகு செருப்பைக் கழற்றினார்.
ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டோம்.
எண்பத்தொரு வயதுக் கால்கள்
மண்ணை ஒருமுறை அழுத்திப் பார்த்தன,
வாங்கப்போகிற கட்டிலை
உட்கார்ந்து சோதிப்பதுபோல.
எவ்வளவு நேரம் நின்றார் என்று நோட்டில் இல்லை.

செருப்பு அங்கேயே கிடக்கிறது என்பது
கடலூர்ப் பாலம் ஏறும்போதுதான் தெரிந்தது.
நாற்காலியைத் தள்ளினவன் நீதானே என்றாள் அக்கா,
நேராக, அவன் பெயர் சொல்லி.
கூட நடந்தவள் உனக்குக் கண் இல்லையா என்றான் அண்ணன்.
அவ்வளவுதான்.
வீட்டுப் பத்திரம், அம்மாவின் வளையல்,
ஆஸ்பத்திரி ராத்திரிகள்,
எல்லாம் வெளியே வந்து விழுந்தன.
அலாவுதீன் பாட்டை நிறுத்திவிட்டார்.
குழந்தை ஒவ்வொரு வாயாகப் பார்த்தது.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்,
பாதத்தில் மண்ணோடு.

செருப்பு ஒரு ஜோடி என்று எழுதிவிட்டு
தொகையை எழுதாமல் வைத்திருக்கிறேன்.