மூன்றாம் கியரில் மட்டும்

சேன் லூயியில் கிளம்பும்போது ஒன்றுமில்லை.
ஆறு விலகிப் பாறை நெருங்கும் இடத்தில்,
பதினேழாவது வளைவா பதினெட்டா,
ஒரு ‘டொங்’.
மஞ்சள் விளக்கு.
‘மோட்டார் கோளாறு, பழுது பார்க்கவும்’ என்று
பிரெஞ்சில் மரியாதையாகச் சொல்லிவிட்டு
வண்டி மூச்சை விட்டுவிடும்.
எவ்வளவு மிதித்தாலும் முள் முப்பதில்.
பின்னால் பேருந்து
வளைவுக்கு வளைவு ஊதுகிறது.

ஓரங்கட்டி, அணைத்து, நூறு எண்ணி
மறுபடி சாவியைத் திருப்பினால்
நேற்றுப் பிறந்த வண்டி.

மேலே சிலாவோஸில் இன்சுலினுக்குக் காத்திருப்பாள்
பருப்பு விற்கிற மதாம் கோந்தியே.
அவளுக்கும் இப்படி ஒன்று உண்டு.
ராத்திரியெல்லாம் நெஞ்சு படபடக்கும்.
காலையில் நான் ஈ.சி.ஜி. எடுத்தால்
கோடு கைகட்டி நிற்கும்.
‘நீ வந்தால் ஓடிப்போகிறது’ என்பாள்,
குற்றம் என்னுடையது போல.

முதல் மெக்கானிக் டீசல் ஃபில்டர் மாற்றினார்.
நான்கு நாள்.
இரண்டாமவர் கம்ப்யூட்டரைச் சொருகி
‘எரிபொருள் அழுத்தம் குறைவு, தற்காலிகம்’ என்று படித்தார்.
புது சென்சார், இருநூற்றுப் பத்து யூரோ.
ஒன்பது நாள்.
பத்தாம் நாள் அதே பாறை, அதே டொங்.
தற்காலிகமாம்.
நானும் காரைக்காலிலிருந்து இந்தத் தீவுக்குத்
தற்காலிகமாகத்தான் வந்தேன்.
பதினோரு வருஷம்.

சர்க்கரை ஆலைக்குப் பின்னால்
ஜோஸ்லின் சினிமாலேயின் பட்டறை.
அவள் கம்ப்யூட்டரை எடுக்கவில்லை.
ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டாள்.
எப்போது? ஏறும்போதா, இறங்கும்போதா?
எந்த கியர்?
அதற்கு முன் என்ன செய்தாய்?
இருபது வருஷமாக நான் அடுத்தவரிடம் கேட்கிற கேள்விகள்.
கைப்பையிலிருந்து சீட்டை எடுத்தேன்.
இருபத்து மூன்று தடவை, தேதியோடு.
மழை நாளில் அதிகம் என்று நம்பியிருந்தேன்,
சீட்டில் அப்படி இல்லை.
இருபத்து மூன்றும் ஏற்றம்.
இருபத்து மூன்றும் மூன்றாம் கியர்.

சக்கரத்துக்குக் கல் வைத்தாள்.
பானெட்டைத் திறந்தாள்.
‘பிரேக்கை அழுத்து, மூன்றில் போடு,
கிளட்சை மெதுவாக, மெதுவாக.’
என்ஜின் பின்னுக்குச் சாய்ந்தது,
எழ முயன்று முடியாத மாடு போல.
‘நிறுத்து!’

டார்ச் வெளிச்சத்தில் காட்டினாள்.
என்ஜினைத் தாங்கும் ரப்பர் அடியில் கிழிந்திருந்தது.
சாயும்போதெல்லாம் ஒயர்க் கொத்து
தகட்டு விளிம்பில் உரசி உரசி
ஒரு நீல ஒயருக்குத் தோல் போயிருந்தது.
அரை நகம் அளவு. உள்ளே செம்பு பளபளத்தது.
அது இரும்பைத் தொட்ட நொடியில்
அழுத்தமே இல்லை என்று சேதி போகும்.
வண்டி பயந்து பலத்தைக் குறைத்துக்கொள்ளும்.
பொய் சொன்னது ஒயர்.
குப்பைக்குப் போனது பழைய சென்சார், பாவம்.

ரப்பர், உறை, கூலி: அறுபத்து நான்கு.
பில் எழுதும்போது கேட்டாள்,
‘சினிமாலே என்றால் உங்கள் மொழியில் என்ன?’
சின்னமலையாக இருக்கலாம் என்றேன்,
உறுதியாகச் சொல்ல முடியாது.
‘மலையா!’ என்று சிரித்து
கிரீஸ் விரலால் தன் பேரை ஒருமுறை தொட்டாள்.
பில்லில் கறை.

மறுநாள் ரேடியோவை அணைத்துவிட்டு ஏறினேன்.
பதினேழு.
பதினெட்டு.
இருபத்தைந்து தாண்டியும்
கை ஓரங்கட்டத் தயாராகவே இருந்தது.
அதற்கு யாரும் ரப்பர் மாற்றவில்லை.

மதாம் கோந்தியே சட்டையைத் தளர்த்திக்கொண்டு
ஈ.சி.ஜி.க்குத் தயாராகப் படுத்தாள்.
பெட்டியைத் திறக்கவில்லை நான்.
நாற்காலியை இழுத்துப்போட்டேன்.
எத்தனை மணிக்கு?
சாப்பிட்ட பிறகா?
எந்தப் பக்கம் படுத்தால்?

‘இடது’ என்றாள் உடனே,
கேட்க ஆளில்லாமல்
இத்தனை நாள் வாயில் வைத்திருந்தவள் போல.