பலகையில் இருந்த ஊர்

கோத்தகிரி கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேசைக்கு மேலே
நாலு காலும் விரித்து ஆணியில் கிடக்கிறது.
கீழே பித்தளைப் பலகை: சீகூர் சமவெளி, 1887.
கணப்புப் புகையேறி
நிறம் வர்க்கி ஆகிவிட்டது.

ஏணியை ஜோகி பிடித்துக்கொண்டார்,
முப்பது வருடமாய் அதற்குக் கற்பூரம் வைப்பவர்.
"சிறுத்தைன்னு சொன்னா மெம்பருங்க கோவிச்சுக்குவாங்க."

சிறுத்தைக்குப் புள்ளி பூப்போல, நடுவில் வெற்றிடம்.
இதற்கு, விரல்நுனியை மையில் தொட்டு
ஒற்றி ஒற்றி எடுத்த மாதிரி.
கண்ணிலிருந்து வாய்வரை கறுப்பாய் ஒரு கோடு.
சிவிங்கிதான்.
அகராதியில் பார்த்த சொல்.
வாயால் சொன்னது அன்றைக்குத்தான்.

நகத்தை முழுக்க உள்ளிழுக்கத் தெரியாத பாதம்.
அதன் அடித்திண்டில்
அரை அரிசி அளவு சீவிக் குழாயில் போட்டேன்.
கீழே யாரோ அடித்த சிவப்புப் பந்து
குழிக்குள் விழுந்தது.

ஜோகி என் முழங்கையைப் பார்த்தார்.
எல்லோரும் பார்ப்பார்கள்.
ஒன்பது வயதில், கொதிக்கிற ரசம்.
என் தோலை எடுத்துக்கோங்க என்று அக்கா அழுதாளாம்.
ஒட்டாதும்மா, என்றாராம் டாக்டர்,
ஒரே வயிற்றுப் பிள்ளையானாலும்
உடம்பு அந்நியத்தைக் கண்டுபிடித்துவிடும்.
என் தொடையிலிருந்தே எடுத்தார்கள்.

சிவிங்கிக்கு ஒட்டும்.
ஒன்றின் தோலைச் சீவி
உறவில்லாத இன்னொன்றின்மேல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.
உடம்பு எதிர்க்கவில்லை.
எப்போதோ அழிவின் விளிம்புக்குப் போய்
மிஞ்சிய சிலதிலிருந்து மறுபடி பெருகியவை.
யாரும் யாருக்கும் அந்நியமில்லை.
"நல்லதுதானே" என்றார் ஜோகி.
ஒரு காய்ச்சல் வந்தால்
அத்தனைக்கும் அதே காய்ச்சல் என்று சொல்ல
எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

அப்படி ஒன்றுபோல் இருந்தும்
ஆசியக் கிளை ஆப்பிரிக்காவை விட்டுப் பிரிந்து
முப்பதாயிரம் வருடமோ, இன்னும் கூடவோ.
எழுத்தெழுத்தாய்ப் படித்தால்
இங்கொன்றும் அங்கொன்றும்தான் மாறும்.
ஊரைச் சொல்ல அது போதும்.

நாலு மாதம் கழித்து விடை.
ஈரானில் எஞ்சிய சொற்பத்தோடு சேரவில்லை.
ஆப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையோடு சேர்ந்தது.
இன்னொரு தடவை செய்தேன். அதேதான்.
ஏதோ ஒரு துரை
ஏடனில் கப்பல் நின்ற மத்தியானம்
பேரம் பேசி வாங்கியிருக்கலாம்.
வேட்டைக்கதை மலையேறுகையில் முளைத்திருக்கும்.

வடக்கே ஒரு காட்டில் இப்போது
ஆப்பிரிக்கச் சிவிங்கிகளை இறக்கியிருக்கிறார்கள்.
அது வேறு கிளை என்கிறார்கள் சிலர்.
இருப்பதை வைத்துத்தானே என்கிறார்கள் சிலர்.
காகிதத்தோடு பஸ் ஏறி வந்தவள்
கோடநாடு முனையில் நின்று பார்த்தேன்.
மாயாறு ஒரு கீறல்.
சீகூர் மேற்கே மூட்டத்துக்குள்.
எந்தக் கிளை வந்தாலும்
உண்ணிச்செடிக்குள் எப்படி ஓடும்?

ஜோகி ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்தார்.
பலகை கழன்றதும் பின்னால்
சுவரின் பழைய பச்சை.
"அப்ப இங்க கீழ ஓடுனது?"
"அதோட தோல் நம்மகிட்ட இல்ல."

பலகையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
ஏணியில் ஏறினார்.
கரைந்துபோன கற்பூரத்தை எடுத்துவிட்டு
புதுசு வைத்தார்.