தலைகீழ்க் கேள்விக்குறி

முதல் வாரம் முழுக்க பௌதீலியோ
மேசைக்கு அடியில்தான் இருந்தான்.
எங்கள் பள்ளியில் மணி அடிக்காது.
கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு
மூன்று முறை வெட்டி வெட்டி எரியும்.
ஒன்பது பிள்ளைகள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.
இவன் மட்டும் கண்ணைப் பொத்திக் குனிவான்,
யாரோ கல்லை ஓங்கியதுபோல.

நாற்காலிமேல் ஏறி விளக்கைக் கழற்றினேன்.
அனுமதி வாங்கினீர்களா என்று தாளில் எழுதிக் கேட்டார்கள்.
வாங்கவில்லை.

பிறந்ததிலிருந்தே எனக்கும் காது கேட்காது.
காது கேளாத பிள்ளையைப் பற்றி
எனக்குத் தெரியாததா என்ற திமிர் ஒன்று இருந்தது.

கீழ்மாடி மருத்துவர் சொன்னாராம்:
காது கேட்காத பிள்ளை அப்படித்தான் இருப்பான்.
மேல்மாடி மருத்துவர்:
காதே கேட்காதவனை நான் எப்படிச் சோதிப்பது?
இரண்டு கோப்புகளையும் காய்கறிப் பையில் போட்டு
ஆறு வருடம்
வால்பராய்சோவின் மலைப்படிகளில்
ஏறி இறங்கியிருக்கிறாள் அவன் அம்மா.

எங்கள் மொழியில் கேள்வி புருவத்தில் இருக்கிறது.
கை சொல்லும்: நீ, தண்ணீர், குடி.
புருவம் எழுந்தால்தான் அது கேள்வி.
அவன் முகம் பார்ப்பதில்லை.
என் விரலைப் பார்ப்பான், மோதிரத்தைப் பார்ப்பான்,
கடிகாரக் கண்ணாடியில் வழுக்கும் வெளிச்சத்தைப் பார்ப்பான்.
ஐந்து மாதம்
நான் கேட்டதெல்லாம் உத்தரவாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது.
தாகமே இல்லாத பிள்ளை
கோப்பை கோப்பையாகக் குடித்திருக்கிறான்.

போய்வருகிறேன் என்று கையாட்டும்போது
உள்ளங்கையைத் தன் பக்கமே திருப்பிக்கொள்வான்.
மிரேயா மணிக்கட்டைப் பிடித்து நேராக்குவாள்.
அலறுவான்.
எங்கள் இருவருக்கும் அது கேட்காது.
பக்கத்து வகுப்பின் கேட்கும் ஆசிரியை
ஓடி வருவதைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டே
கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கையாட்டினேன்.
உள்ளங்கை என்னைப் பார்த்தது.
அட.
பார்த்ததைத்தானே அவன் காட்டினான்!
நான் கையாட்டும்போது அவன் பக்கம் இருப்பது
என் உள்ளங்கை.
இதில் தப்பு எங்கே இருக்கிறது?

நாற்காலியை எதிரிலிருந்து எடுத்துப் பக்கத்தில் போட்டேன்.
இருவரும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தோம்.
துறைமுகத்தில் பாரந்தூக்கி, பனி,
மலையில் ஒன்று ஏற ஒன்று இறங்கும் இரண்டு கம்பிவடப் பெட்டிகள்.
மேசையோடு தாழ்த்தி, அவன் கடைக்கண்ணில்,
மெதுவாகக் கை பேசினேன்.
இப்போது என் கையும் அவன் கையும்
ஒரே திசை.

ஸ்பானிய எழுத்தில் கேள்வி வரப்போகிறது என்பதை
முதலிலேயே வந்து சொல்லிவிடும்,
தலைகீழாய் நிற்கும் ஒரு குறி.
அதை என் மணிக்கட்டில் சுண்ணக்கட்டியால் போட்டேன்.
கேட்குமுன் அதைத் தொட்டுக்காட்டினேன்.
நீ, தண்ணீர், குடி.
கோப்பையைத் தள்ளி வைத்தான்.
ஒரு பிள்ளை வேண்டாம் என்றதற்கு
இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆசிரியை
வேறு யாராவது உண்டா, தெரியவில்லை.

தினமும் இப்படி நடக்கிறதென்று நினைக்க வேண்டாம்.
செவ்வாயன்று கடித்துவிட்டான்.
தழும்பு இருக்கிறது.

நேற்று, எல்லோரும் போன பிறகு,
சுண்ணக்கட்டியை எடுத்து
தன் மணிக்கட்டில் கோணலாய் ஒரு குறி போட்டான்.
வெறும் கொக்கிதான் வந்தது, புள்ளி வரவில்லை.
அதைத் தொட்டான். கதவுக்கு மேலே பார்த்தான்.
விளக்கு, என்றது கை.

எங்கே போயிற்று என்கிறானா,
திரும்ப வருமா என்கிறானா?
இரண்டுக்கும் பதில் சொன்னேன்,
கையை மேசைமேல் வைத்து,
அவன் பக்கத்திலிருந்து.