பதினொன்றாம் நம்பர் மலை

போயா. இன்று பேர் போடுவதில்லை.
பிரட்டுக்களத்தில் நாய் மட்டும் நின்றது.
நானும் மரியசெல்வமும்
நோர்வூட் பஸ்ஸை விட்டுவிட்டு
குறுக்குப்பாதையில் இறங்கி
காசல்ரீ தண்ணீர் ஓரத்துக்கு வந்தோம்.

போயாவுக்குப் பியதிஸ்ஸ வலை போடமாட்டார்,
ஆள் ஏற்றுவார்.
படகுக்கு ஒரு பக்கம் நீலம்,
மறு பக்கத்துக்குப் பெயின்ட் தீர்ந்துவிட்டது.
காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி.
தண்ணீர் வந்தால் இறைக்க என்றார்.
வரும் என்று சொல்லவில்லை.
வந்தது.
மரியசெல்வம் மாதாவைக் கூப்பிட்டாள்,
நான் வாளியைப் பிடித்தேன்.

துடுப்பு விழும் சத்தம்.
பிறகு அதுவும் பனிக்குள் போய்த்
திரும்பி வராமல் நின்றது.
கரையில் எங்கள் லயம் தீப்பெட்டி அளவு,
பெக்டரி ஒரு வெள்ளைப் பல்.
அதன் சங்கு இங்கே எட்டுமா என்று
காதைச் சாய்த்துப் பார்த்தேன்.
இருபத்தொரு வருஷம்.
சங்கு இல்லாத இடத்தை
என்ன செய்வதென்று
காதுக்குத் தெரியவில்லை.

தீவுக்குப் பெயரில்லை.
அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது
ஒரு மலையின் தலை மட்டும்
மேலே நின்றுவிட்டதாம்.
தோட்டத்துப் பழைய படத்தில்
அது பதினொன்றாம் நம்பர் மலை.
பத்துக்கு அடுத்து ஏன் பன்னிரண்டு என்று
இத்தனை நாளும்
எங்களில் ஒருத்தி கேட்டதில்லை.

கால் வைத்தால் மண் பஞ்சாய் அமுங்கியது.
மரங்கள். பகலிலேயே ஓர் இருட்டு.
மரியசெல்வம்தான் முதலில் நின்றாள்.
"ஏய், இது என்னா மரம்னு பாரு."

பட்டையெல்லாம் பாசி.
இரண்டு ஆள் உயரம், மூன்றும் இருக்கும்.
உதிர்ந்த இலையொன்றை எடுத்துத் திருப்பினேன்.
ஓரத்தில் அந்த அரம்பப் பல்,
நரம்பில் அந்த ஓட்டம்.
கண்ணுக்கு முன்பே
விரலுக்குத் தெரிந்துவிட்டது.

தேயிலை.

கவ்வாத்துக் கத்தி படாத தேயிலை.
மட்டக்கம்பு வைத்து
இவ்வளவுதான் உன் உயரம் என்று
யாரும் சொல்லாத தேயிலை.
அறுபது வருஷமாகத் தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொண்டு,
சாய்ந்து,
ஒன்றின் தோளில் ஒன்று கையைப் போட்டு,
வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து.
பூ நடுவில் மஞ்சள் தூள்.
தேனீக்கள் மட்டும்
முழுப்பேருக்கு வேலை செய்தன.

குனிந்தே பார்த்த செடியை
அண்ணாந்து பார்த்தேன்.
பிடரியில் மளுக்கென்று ஏதோ விட்டது.

தாழ்ந்த கிளை ஒன்று.
கை தானாகப் போனது.
கிள்ளியது, கிள்ளியது,
தோளுக்கு மேலே வீசியது.
கூடை இல்லை.
கொழுந்து முதுகுக்குப் பின்னால் மண்ணில் விழுந்தது.
மரியசெல்வம் சிரித்த சிரிப்பில்
நீர்க்காகங்கள் எழுந்து பறந்தன.
"பதினெட்டுக் கிலோவும் எடுத்துட்டுத்தான் வருவியா?"
எனக்கும் சிரிப்பு வந்தது.
பிறகு அது வேறு ஏதோவாய் மாறப் பார்த்தது.
விடவில்லை.

ரொட்டியும் கட்டைச்சம்பலும் தின்றோம்,
முதுகை மரத்தில் சாய்த்து.
தேயிலையில் சாய்ந்து உட்காரலாம் என்று
யார் நினைத்திருப்பார்கள்?
ஒரு மணி நேரம்
எவரும் எதையும் நிறுக்கவில்லை.

திரும்பும்போது பியதிஸ்ஸ
தன் அரைத் தமிழில் சொன்னார்.
பங்களாவில் தங்கும் வெள்ளைக்காரர்கள் கேட்பார்களாம்,
அந்தத் தீவில் என்ன இருக்கிறது என்று.
"கல்லு இருக்கி, அட்டை இருக்கி,
வேற இல்லே" என்பாராம்.
முழுப் பொய்யும் இல்லைதானே என்று
என்னிடம் வாளியை நீட்டினார்.

இரவு கால் கழுவும்போது கண்டேன்.
விரலிடுக்கில்
புளியங்கொட்டை அளவுக்கு வீங்கி,
படகுக்காசு கொடுக்காமல் கூடவே வந்த ஒன்று.
உப்புப் போத்தலுக்குப் போன கையை
நிறுத்திக்கொண்டேன்.
குடிக்கட்டும்.
பதினொன்றாம் நம்பரிலிருந்து
எங்கள் வீட்டுக்கு வந்த
ஒரே ஆள்.